மோரித் தண்ணீரில் ருக்கு மேடம்

எங்கள் ஆபீசில் ருக்கு மேடத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் ‘குடை மேடம்’ என்று பெயர் இருந்தது. நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. அவர் டைப்ரைட்டர் முன்னால் வந்து உட்கார்ந்ததும், ஃபைல் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒருவன், “இன்னிக்கு மழை வருமாப்பா?” என்பான். “வந்தா வரட்டும், நம்மகிட்டதான் குடை இருக்கே” என்பான் இன்னொருவன். ஜனவரி மாதத்துப் பம்பாயில் மழை ஏது? ருக்கு மேடம் காதில் எதுவும் விழாததுபோலத் தட்டிக்கொண்டே இருப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் தனசீலன், அதே ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க். தாராவியில் வீடு. சொந்த ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி. கடற்கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேலி செய்தவர்களில் ஒருத்தனுக்கும்தான் வராது. ஜூஹுவில் முழங்காலுக்கு மேல் நனையாத கூட்டம், கடலைப் பற்றி வாய் கிழியப் பேசும்.

ருக்கு மேடம் மாதுங்காவில் பிறந்து மாதுங்காவிலேயே வாழ்க்கைப்பட்டவர். தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். நீச்சலை அவர் தேடிப் போகவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் முதுகுவலி வந்தது. டாக்டர் தண்ணீரில் இறங்கச் சொன்னார். தாதர் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் காலை நேரம் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தார். நீச்சலுடைக்கு மேல் முழங்கால் வரை தானே தைத்த ஒரு கறுப்புப் பாவாடை. முதலில் சில வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பியை விட்டார். முதுகுவலி போய்விட்டது, நீச்சல் போகவில்லை.

வேகம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. காலேஜ் பெண்கள் பக்கத்தில் சர்ரென்று போவார்கள். இவர் பாட்டுக்கு, மாவாட்டுகிறவர் மாதிரி ஒரே சீராகக் கையைச் சுற்றிக்கொண்டிருப்பார். அந்தப் பெண்கள் களைத்து, தலை துவட்டி, வாசலில் வடாபாவ் தின்றுவிட்டுப் போன பிறகும் இவர் சுற்றிக்கொண்டிருப்பார். விசில் ஊதித்தான் வெளியே ஏற்றவேண்டும்.

அந்த நாளில் ஒரு கிளப், டிசம்பர் தோறும் கராபுரித் தீவிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா படிக்கட்டு வரை கடல் நீச்சல் நடத்தியது. குகைச் சிற்பம் பார்க்க லாஞ்சில் போவோமே, அதே தீவுதான். முதலில் வருகிறவர்களுக்குக் கோப்பை, நீந்தி முடித்தவர்களுக்குக் கைதட்டல். ருக்கு மேடத்துக்குக் கோப்பையில் கண் இல்லை. “அந்தப் படிக்கட்டை நான் நீந்திப் போய்க் கையால தொடணும், தனசீலன். வேற ஒண்ணும் வேண்டாம்” என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

இடையில் ஒரு ஆள் நின்றார், அவர் வீட்டுக்காரர் ஜகந்நாதன்.

ஜகந்நாதன் சார் நல்ல மனிதர். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பவர். இன்ஷூரன்ஸ் ஆபீசில், செத்தவர்களின் கிளெய்ம் பார்க்கிற பிரிவில் வேலை. மனிதனுக்குச் சாவு எந்தெந்த வழியில் வரும் என்று படிப்பதுதான் உத்தியோகம். ரயிலிலிருந்து விழுந்தவர்கள், தண்டவாளம் தாண்டினவர்கள், மழைக்காலத்தில் லைட் கம்பத்தைத் தொட்டவர்கள், பழைய கட்டடம் இடிந்து உள்ளே மாட்டினவர்கள் என்று தினமும் கட்டுக் கட்டாக அவர் மேஜைக்கு வரும். “சுறா கடிச்சுச் செத்தவங்க யாராவது வந்திருக்காங்களா சார்?” என்று நான் ஒருமுறை கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “வந்ததில்லை” என்றார். அப்புறம், “இதுவரைக்கும்” என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் பயப்பட்டது சுறாவுக்கு மட்டும்தான். பக்கத்து ஃப்ளாட்டில் புதிதாக வீடியோ வாங்கி, ஏதோ ஒரு இங்கிலீஷ் சுறாப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பாதியில் எழுந்து வந்தவர், அன்றைக்கு வாளித் தண்ணீரில் கால் கழுவவே யோசித்தாராம். ருக்கு மேடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கடல் நீச்சல் என்றதும் ஜகந்நாதன் சார் சிரிக்கவில்லை. சம்மதிக்க ஒரு நிபந்தனை போட்டார்.

“ருக்கு, எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக்குடு. நான் படகுல கூடவே வருவேன். படகுலேர்ந்து யாராவது சுறான்னு சொன்னா, நிஜமோ பொய்யோ, நீ கேள்வி கேக்காம ஏறிடணும்.”

“சரி” என்றார் மேடம்.

ருக்கு மேடம் ‘சரி’ என்றால் சரிதான். ஒருநாள் கோபத்தில் “இந்தக் கேன்டீன் காபியை இனிமே தொட மாட்டேன்” என்று சொன்னவர், கேன்டீன்காரர் மாறி, நல்ல டிக்காஷன் போட ஆரம்பித்த பிறகும் தொடவில்லை. வாசனை வரும்போது மூக்கை மட்டும் தூக்கிக்கொள்வார்.

எண்பத்து நாலு டிசம்பரில் முதல் தடவை இறங்கினார். நாங்கள் நாலைந்து பேர் ஆபீசிலிருந்து மாலை வாங்கிக்கொண்டு கேட்வே படிக்கட்டில் நின்றோம். கோப்பைக்காரர்கள் எல்லோரும் வந்து, துடைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் தூரத்தில் மேடத்தின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. பக்கத்தில் படகு. மாலையைப் பிரித்து வைத்துக்கொண்டோம். கூப்பிட்டால் கேட்கிற தூரம் வந்திருப்பார், திடீரென்று படகில் ஜகந்நாதன் சார் எழுந்து நின்று கத்துவது எங்களுக்கே கேட்டது.

“ருக்கு! சுறா! சுறாடீ! ஏறு!”

மஞ்சள் தொப்பி நின்றது. படகோரம் போனது. மேலே ஏறியது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

படகு படிக்கட்டில் வந்து அணைந்தபோது அந்தச் சுறாவும் கூடவே வந்தது. படகுக்காரர் துடுப்பால் இழுத்து உள்ளே போட்டிருந்தார். ஒரு பழைய கறுப்புக் குடை. பாதி விரிந்து, ஒரு கம்பி தண்ணீருக்கு மேலே துணியைத் தூக்கிக்கொண்டு மிதந்திருக்கிறது. ஜகந்நாதன் சார் அதைப் பார்க்கவே இல்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்கு மேடம் துண்டைப் போர்த்திக்கொண்டு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “குடை யாருதுன்னு தெரியலை. நல்ல கைப்பிடி” என்றார். அதற்குமேல் பேசினால் அவருக்கு அழுகை வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தாதர் ஸ்டேஷனில் ஜகந்நாதன் சாரைப் பார்த்தேன். நகர்ந்துகொண்டிருந்த ஃபாஸ்ட் வண்டியில் ஓடிப்போய் ஏறினார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, ஒரு கையில் டிபன் பாக்ஸ். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனுஷரே, உங்கள் மேஜைக்கு வருகிற கட்டுகளில் பாதி இந்த ரயில் படிக்கட்டிலிருந்துதானே வருகிறது? இதற்கு யார் உங்களிடம் சத்தியம் வாங்கினார்கள்? பம்பாயில் நாம் எல்லோருமே இப்படித்தான். தினமும் தொட்டுப் பார்க்கிற சாவுக்குப் பயப்பட நேரம் கிடையாது, பார்க்காத சாவுக்கு ராத்திரி தூக்கம் போகும்.

அந்த வருஷம் முழுக்க அவர்கள் வீட்டில் குடை என்ற பேச்சே எழவில்லையாம். மழைக்காலத்தில்கூட ஜகந்நாதன் சார் ரெயின்கோட்டுக்கு மாறிவிட்டார். ருக்கு மேடம் மட்டும் குளத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

அடுத்த தீபாவளி சமயம் ஜகந்நாதன் சாருக்கு மாற்றல் வந்தது, நாக்பூருக்கு. ஜனவரியில் குடும்பத்தோடு போக வேண்டும். நாக்பூரில் ஆரஞ்சு கிடைக்கும், கடல் எங்கே கிடைக்கும்? மேடத்துக்கு இருந்தது அந்த ஒரு டிசம்பர்தான்.

“இன்னொரு தடவை இறங்கறேன்” என்றாராம் மேடம்.

“சத்தியம் அப்படியே இருக்கு” என்றாராம் ஜகந்நாதன் சார்.

“இருக்கட்டும். நான் ஒண்ணும் அதை வாபஸ் கேக்கலையே.”

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜகந்நாதன் சார் தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடக்கிற தூரம்தான், ஆனால் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி இருதயமேரி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தாள்.

“தனசீலன், நீங்க கடலோர மனுஷா” என்று ஆரம்பித்தார். “உங்களுக்குச் சுறாவைப் பார்த்தாத் தெரியும். எனக்குக் குடைக்கும் சுறாவுக்கும் வித்தியாசம் தெரியலை. நீங்க படகுல வரணும். நீங்க சொன்னாத்தான் சுறா. நான் வாயே திறக்க மாட்டேன்.”

நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். இருதயமேரிக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

“சுறாவுக்கா சார் பயப்படுதிய? எம்மா! எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு முதல்ல அதத்தான் புட்டு வச்சுக் குடுப்பாவ. பால் நல்லா ஊறும். நான் மூணு பிள்ளைக்கும் தின்னேன்.”

ஜகந்நாதன் சார் டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். “அது மனுஷாளைச் சாப்பிடாதோ?”

“பெருசு எங்கயாவது ஆழக்கடல்ல கடிக்குமா இருக்கும் சார். நான் கேட்டதில்ல. நாமதான் நித்தம் அதத் திங்கோம். பயப்படணும்னா அதுதான் நம்மளப் பாத்துப் பயப்படணும்.”

அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நீளம், வாய் எங்கே இருக்கும், எதைத் தின்னும் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, “வருவேளோல்லியோ?” என்றார். வருகிறேன் என்றேன். இப்படித்தான், நீச்சல் தெரியாத நான் சுறா பார்க்கிற உத்தியோகத்துக்கு நியமனமானேன்.

எண்பத்தைந்து டிசம்பர். விடிகிற நேரம் கராபுரிக் கரையில் நின்றோம். மற்றவர்கள் எல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டார்கள். ருக்கு மேடம் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் போனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வாசனை. படகுக்காரர் போன வருஷம் வந்த அதே கணு நாக்வா. கோலி மீனவர், நாக்வா என்றால் படகுக்குச் சொந்தக்காரர். அவர் ஜகந்நாதன் சாரைப் பார்த்ததும், “சாத்தா ஆணலீ கா, சாஹேப்?” என்று கேட்டுப் பல்லைக் காட்டினார். குடை கொண்டுவந்தீர்களா என்று அர்த்தம். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார்.

விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். மேடம் படியிறங்குகிற மாதிரி இறங்கினார். கொஞ்ச நேரத்தில் முன்னால் போனவர்களின் தலைகள் கடுகாகிவிட்டன. மஞ்சள் தொப்பி மட்டும் எங்கள் படகுக்குப் பக்கத்தில், அதே மாவாட்டும் கையோடு வந்துகொண்டிருந்தது. நங்கூரம் போட்ட கப்பல்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றன. நான் கம்பு நுனியில் பாட்டிலைக் கட்டி குளுக்கோஸ் தண்ணீர் நீட்டினேன். மேடம் மல்லாந்து மிதந்தபடி குடித்துவிட்டு, “எலுமிச்சம்பழம் போட்டிருக்கலாம்” என்றார்.

பாதி வழியில் ஒரு சொறி அவர் தோளில் சாட்டை அடித்தது. குடை மாதிரி மிதக்குமே, ஜெல்லி மீன், அதைத்தான் எங்கள் ஊரில் சொறி என்போம். “அம்மா!” என்று மேடம் அலறியபோது எனக்கு உயிரே போய்விட்டது. தோளில் சிவப்பாகக் கோடு கோடாக எழும்பியது. ஜகந்நாதன் சார் எழுந்து நின்றுவிட்டார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லை, எரியறது. சொறிக்குச் சத்தியம் கிடையாது, உக்காருங்கோ” என்றார். உட்கார்ந்தார்.

அதைவிடப் பெரிய சங்கடம் அப்புறம் வந்தது. சொறி பட்ட தோள் இறுகிப்போய் மேடத்தின் கை தாழ ஆரம்பித்தது. கணு நாக்வா தண்ணீரைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். இதுவரை கேட்வே பக்கம் வற்றிக்கொண்டிருந்த நீர் இன்னும் சற்று நேரத்தில் ஏற ஆரம்பிக்கும். அதற்குள் கடைசிக் கப்பலைத் தாண்டிவிட்டால் பிழைத்தது. இல்லையென்றால் ஏறுகிற நீர் வடக்கே ட்ராம்பே பக்கம் தள்ளிக்கொண்டு போகும், எத்தனை கை போட்டாலும் கேட்வே வராது. இதை அவர் என்னிடம் ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். சுறா பார்க்க வந்த நான், தண்ணீர் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சேசுவே, மறுபடியும் ஒருதரம் இந்த அம்மாவைப் படகில் ஏற்றிவிடாதேயும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது எங்களுக்கு நேர் எதிரே ஒரு மீன்பிடிப் படகு வலை இழுத்துக்கொண்டிருந்தது. கணு நாக்வாவின் சொந்தக்காரர்கள் படகாம். வலை பாதி மேலே வந்தபோது ஒரு பக்கம் அறுத்துக்கொண்டது. தண்ணீர் கொதிப்பதுபோலக் கலங்கியது. கணு நாக்வா துள்ளி எழுந்து, கையைத் தட்டி, சந்தோஷத்தில் கத்தினார்.

“மோரி! அரே, மோரி! கிதி மோரி!”

நான் எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிற முதுகுகள், முதுகு மேல் சின்னச் சின்ன முக்கோணத் துடுப்புகள், அங்கங்கே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின. சந்தேகமே இல்லை. முழங்கை நீளம், கூடினால் அதற்கு மேல் கொஞ்சம். தாராவி மார்க்கெட்டில் கூடை கூடையாக வருகிற அதே சாமான். போன வாரம்தான் இருதயமேரி புட்டு வைத்தாள். சின்னதானாலும் சுறா சுறாதானே. சொல்லுவதற்காகத்தானே என்னைக் கூட்டிவந்தார்கள்? என் வாய் திறந்துவிட்டது.

அதற்குள் மேடம் தலையைத் தூக்கினார். “என்ன சொல்றார் அவர்?”

“மோரி, பாயி, மோரி!” என்று கணு நாக்வா மேடத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார்.

ருக்கு மேடத்தின் முகம் அஷ்டகோணலாயிற்று. “ஐயையோ, மோரியா! கண்றாவி!”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ருக்கு மேடம் மராத்தியில் சண்டை போட்டால் பஸ் கண்டக்டரே இறங்கி ஓடுவார். ஆனால் அந்த மராத்தியில் மீன் கிடையாது. பிறந்ததிலிருந்து மார்க்கெட்டில் அந்தப் பக்கமே திரும்பாதவருக்கு மீன் பெயர் எப்படித் தெரியும்? பம்பாய் வீடுகளில் மூலையில் பாத்திரம் தேய்க்க, குளிக்க ஒரு தொட்டி மாதிரி இடம் இருக்குமே, அது மோரி. அதிலிருந்து போகிற சாக்கடையும் மோரிதான். மேடத்துக்குத் தெரிந்த மோரி அது ஒன்றுதான். மீன் தின்கிற வீடுகளில்தான் இன்னொரு மோரி உண்டு, இந்தச் சின்னச் சுறா. ஊர்ச் சாக்கடை முழுவதும் அந்த இடத்தில்தான் கடலில் கலக்கிறது, நாம் அதற்கு நடுவில் கிடக்கிறோம் என்று மேடம் நினைத்துவிட்டார்.

நான் இன்னும் வாயை மூடவில்லை. என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். பார்த்தால் ஜகந்நாதன் சார். கை ஜில்லென்று இருந்தது, வெடவெடவென்று நடுங்கியது.

“சொல்லாதீங்கோ” என்றார், காதோடு.

“சார், அது வந்து…”

“எனக்குத் தெரியும். உங்காத்துக்கு வந்துட்டுப் போனப்புறம் மாஹிம் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரியைச் சுறா எதுன்னு கேட்டேன். இதைத்தான் மோரின்னு எடுத்துக் காட்டினா. வாயைத் திறந்துகூடக் காமிச்சா. இறால்தான் திங்குமாம்.” என் மணிக்கட்டை விடாமலே சொன்னார். “தெரிஞ்சும் எனக்குக் கை நடுங்கறது பாருங்கோ.”

அந்த நடுக்கத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இறால் தின்கிற மீன் என்று தலைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அந்தக் கையோடு அவர் எழுந்து நின்றார். போன வருஷம் நின்ற அதே மாதிரி.

“ருக்கு!” என்று கத்தினார். “மோரிதான்! சாக்கடைத் தண்ணி! வாயை மூடிண்டு சீக்கிரம் தாண்டு!”

இல்லாத சுறாவைப் பார்த்துச் சுறா என்று கத்திய மனிதர், கண்ணெதிரே ஓடுகிற சுறாவைச் சாக்கடை என்று கத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ருக்கு மேடம் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அதன் பிறகு நான் பார்த்தது மாவாட்டுகிற கை இல்லை. இறுகிய தோள் எங்கே போயிற்றோ தெரியாது, இரண்டு கையும் மாறி மாறிப் பறந்தன. தெருவில் எவனாவது எச்சில் துப்பினால் நாலடி தள்ளிப் போகிற அம்மா அவர், சாக்கடையில் மிதந்துகொண்டிருப்பாரா? மஞ்சள் தொப்பி அந்தச் சாம்பல் முதுகுகளுக்கு நடுவே விர்ரென்று போயிற்று. மீன்கள்தான் இரண்டு பக்கமும் விலகி ஓடின. இருதயமேரி சொன்னது சரியாகப் போயிற்று. “ஜோராத், பாயி, ஜோராத்!” என்று கணு நாக்வா இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக் குதித்தார். மீன் படகுக்காரன் பழக்கத்துக்கு ஒரு மோரியை எங்கள் படகில் எறிந்தான். அது ஜகந்நாதன் சாரின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்து துள்ளியது. சார் காலை எடுக்கவில்லை. மஞ்சள் தொப்பியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

கடைசிக் கப்பலை மேடம் தாண்டியபோது கணு நாக்வா தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டினார். நீர் அப்போதுதான் திரும்ப ஆரம்பித்திருந்தது. இனி அது மேடத்தை ஒன்றும் செய்யாது. நான் கம்பை எறிந்துவிட்டுக் கைதட்டினேன். குளுக்கோஸ் பாட்டில் கடலோடு போயிற்று. போகட்டும்.

கேட்வே படிக்கட்டில் அன்றைக்கு எங்கள் ஆபீசே நின்றது. மழை வருமா என்று கேட்கிறவனும் நின்றான். போன வருஷம் படகு நின்ற இடம் வந்தது. மேடம் அந்த இடத்தைத் தாண்டினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பாசி பிடித்த கடைசிப் படியில் ருக்கு மேடத்தின் வலது கை விழுந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! புறாக்கள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. கடலை விற்கிறவன், போட்டோ பிடிக்கிறவன், குதிரை வண்டிக்காரன், யார் என்ன என்று தெரியாமலே எல்லோரும் கத்தினார்கள். எங்கள் ஆபீஸ்காரர்கள் தண்ணீரில் பேண்ட்டோடு இறங்கினார்கள். மழை கேட்டவன்தான் முதலில் இறங்கினான், மாலையைப் போட்டவனும் அவன்தான். மேடம் யார் கையையும் பிடிக்காமல், சொட்டச் சொட்ட ஒவ்வொரு படியாகத் தானே ஏறி வந்தார். தோளில் சிவப்புக் கோடுகள், கழுத்தில் சாமந்தி மாலை. பம்பாய்க்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் அந்த வழியாக வந்து இறங்கியிருப்பார்கள். இப்படி ஒருவரும் ஏறி வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேலே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “எனக்கு உடனே குளிக்கணும். தொடாதீங்கோ யாரும். மோரித் தண்ணியில வந்திருக்கேன்.”

அதைக் கேட்டதும் பின்னால் வந்த கணு நாக்வா, மேடம் மோரியைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். படகில் கிடந்த மீனை வாலைப் பிடித்துத் தூக்கி வந்து, கிரீடம் வைக்கிற மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினார். “க்யா, பாயி. மோரி. தும்ச்சீ மோரி.” வாங்கிக்கோங்க அம்மா, உங்க மோரி என்று அர்த்தம்.

மேடம் ஓரடி பின்னால் போனார். “என்ன இது?”

நான் வானத்தைப் பார்த்தேன். ஜகந்நாதன் சார்தான் பதில் சொன்னார்.

“சுறா, ருக்கு. மீனுக்கும் இங்க மோரின்னுதான் பேர். நீ தாண்டி வந்தது சாக்கடை இல்லை.”

மேடம் மீனைப் பார்த்தார். அந்த முக்கோணத் துடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். கடைசியாக வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“சுத்தி சுறா இருக்குன்னு தெரிஞ்சுண்டா நின்னேள்? நீங்களா? ஏன்னா, அப்புறம் ஏன் சொல்லலை?”

ஜகந்நாதன் சார் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லியிருந்தா நீ ஏறியிருப்பியே” என்றார்.